தாய்மரத்தை விஞ்சிய விழுதுகள்: மரியோ விளையாட்டுகள் சொல்லித்தரும் அறிவியல்

மரியோ என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? சிவப்புத் தொப்பி, தடித்த மீசை, பச்சைக் குழாய், ஒரு துள்ளல். சரி மாணவர்களே, இப்போது ஒரு கேள்வி. மரியோ விளையாட்டுகளிலேயே மிக அதிகமாக விற்பனையானது எது?

1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்று நீங்கள் சொன்னால் அது நல்ல ஊகம்தான். அந்த ஒரு விளையாட்டு மட்டும் சுமார் 40 மில்லியன் பிரதிகள் விற்றது. ஆனால், விடை அதுவன்று. 2017-இல் நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு வந்த ‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ 60 மில்லியனைத் தாண்டிவிட்டது. அதில் மரியோ யாரையும் மீட்கப் போவதில்லை. சின்ன வண்டி ஒன்றில் உட்கார்ந்து பந்தயம் ஓட்டுகிறார், அவ்வளவுதான்.

ஒரு தொடரின் பாத்திரங்களையும் உலகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் வகையை மட்டும் மாற்றி உருவாக்கப்படுவதை ‘ஸ்பின்-ஆஃப்’ என்பார்கள். நாம் அதைக் கிளை விளையாட்டு என்று அழைப்போம். ஆலமரத்தின் கிளையிலிருந்து விழுது இறங்கும். மண்ணைத் தொட்டு வேர்விடும். நாளடைவில் தடித்து, இன்னொரு அடிமரம் போலவே நின்று கிளையைத் தாங்கும். மரியோ தொடரில் ஒரு விழுது அடிமரத்தைவிடவே பெரிதாகிவிட்டது.

இது வியாபாரச் செய்தி, அறிவியல் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கெடுக்காமல் புதியதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது அறிவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. அந்தக் கேள்விக்கு 40 ஆண்டுகளாக விடை தேடிவரும் ஒரு விளையாட்டுத் தொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மரியோவே ஒரு கிளைதான்

ஜப்பானின் கியோத்தோ நகரில் 1889-இல் தொடங்கப்பட்ட நிண்டெண்டோ, முதலில் ஹனஃபுதா என்ற பூப்படச் சீட்டுகளைத் தயாரித்துவந்தது. 1981-இல் அந்நிறுவனம் ‘டாங்கி காங்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோத்தோ. உருளைகளை எறியும் ஒரு பெரிய குரங்கு. அவற்றைத் தாண்டிக் குதித்து மேலே ஏறும் ஒரு தச்சர். ஆட்டத்தின் பெயரே குரங்கின் பெயர்தான். தச்சருக்கு அப்போது ‘ஜம்ப்மேன்’, அதாவது குதிப்பவர், என்றுதான் பெயர்.

அந்தத் தச்சருக்குப் பிறகு மரியோ என்று பெயர் வந்தது. 1983-இல் ‘மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் அவர் குழாய் பழுதுபார்ப்பவராகி, லூய்ஜி என்ற தம்பியையும் பெற்றார். 1985-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தது. ஆக, இன்று நாம் தாய்மரம் என்று நினைப்பதே ஒரு காலத்தில் குரங்கின் கதையிலிருந்து இறங்கிய விழுதுதான்.

ஒரு மாறியை மட்டும் மாற்று

தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த மூன்று சொற்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. செடி வளர்ப்பதற்குச் சூரிய ஒளி தேவையா என்று சோதிக்க வேண்டுமானால், ஒளியை மட்டும் மாற்றுவோம். நீர், மண், தொட்டி, செடியின் வகை எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்தையும் மாற்றினால், செடி வாடியதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நல்ல கிளை விளையாட்டும் பெரும்பாலும் இதே வழியில்தான் செல்கிறது. மரியோவின் உலகம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. காளானை எடுத்தால் நல்லது, ஆமை ஓடு பட்டால் ஆபத்து, பவ்சர் எதிரி என்பதெல்லாம் விளையாடுபவருக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றைத் திரும்பச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே, அவருடைய முழுக் கவனமும் மாற்றப்பட்ட அந்த ஒரு விதியின்மேல் விழும்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘கேப்டன் டோட்: டிரஷர் டிராக்கர்’. மரியோ ஆட்டங்களின் உயிர்நாடி குதித்தல். அந்தக் குதித்தலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 2013-இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ 3டி வேர்ல்ட்’ என்ற முதன்மை விளையாட்டில், சில கட்டங்களில் மட்டும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காளான் தலையுடைய கேப்டன் டோட் முதுகில் கனமான பையைச் சுமந்திருப்பதால் அவரால் குதிக்கவே முடியாது. விளையாடுபவர் காட்சியைச் சுற்றிச் சுழற்றிப் பார்த்து, ஒளிந்திருக்கும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே விதியை நீக்கியதால் விரல் வேகத்தைச் சோதித்த ஆட்டம் இடஞ்சார் சிந்தனையைச் சோதிக்கும் புதிராக மாறிவிட்டது. அந்தச் சிறு கட்டங்கள் பிடித்துப்போகவே, அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2014-இல், அது தனி விளையாட்டாக வந்தது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் சில கட்டங்களில் சிறிய சோதனை, பிறகு முடிவைப் பார்த்தல், அதன் பிறகே முழு முதலீடு. மருந்துகளையும் முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். பிறகு சிறு குழுவில். அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கானோரிடம் சோதிப்பார்கள். காரணம் ஒன்றே: தவறு நடந்தாலும் சேதம் சிறியதாக இருக்க வேண்டும்.

2001-இல் வந்த ‘லூய்ஜிஸ் மேன்ஷன்’ ஆட்டத்திலும் குதித்தல் இல்லை. பயந்தாங்கொள்ளித் தம்பி லூய்ஜி, தூசு உறிஞ்சும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேய்களை உறிஞ்சுகிறார். மரியோவை அப்படி நடுநடுங்க வைத்தால் இரசிகர்கள் ஏற்பார்களா என்பது சந்தேகம். தம்பியை வைத்துச் செய்ததால் அண்ணனின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தட்டையான படம் சாலையான கதை

மரியோ கார்ட் எப்படிப் பிறந்தது? 1990-இல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற கருவி வந்தபோது, ‘எஃப்-ஸீரோ’ என்ற பந்தய விளையாட்டும் உடன் வந்தது. வேகமும் அழகும் இருந்தன; ஆனால், ஒருவர் மட்டுமே ஆட முடியும். இருவர் ஒரே திரையில் போட்டியிடும் பந்தயத்தை உருவாக்க முடியுமா என்று தடாஷி சுகியாமா, ஹிடெகி கொன்னோ ஆகியோரின் குழு முயன்றது. முதலில் வண்டியில் உட்கார்ந்திருந்தவர் மரியோ அல்லர். சாதாரண வேலையாள் உடை அணிந்த யாரோ ஒருவர். சில மாதங்கள் கழித்துத்தான் அந்த இடத்தில் மரியோ வந்து அமர்ந்தார். 1992-இல் ‘சூப்பர் மரியோ கார்ட்’ வெளிவந்தது.

அந்தக் கருவியால் இன்றைய விளையாட்டுகளைப் போல முப்பரிமாண உருவங்களைச் சரளமாக வரைய முடியாது. ஆனால், ‘மோட் 7’ என்ற ஒரு வசதி இருந்தது. ஒரே ஒரு தட்டையான பின்னணிப் படத்தைச் சுழற்றலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். இதை வைத்துச் சாலை நீண்டு ஓடுவதுபோல் காட்டியது எப்படி?

உங்கள் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். குனிந்து, கண்ணை மேசையின் உயரத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்து பாருங்கள். அருகில் உள்ள கோடுகள் விலகியும், தூரத்தில் உள்ளவை நெருங்கியும் தெரியும். தாளின் ஓரங்கள் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்குவதுபோல் தோன்றும். தூரம் இரண்டு மடங்கானால் பொருளின் தோற்ற அளவு பாதியாகும். தூரம் மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும். நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லாரி சிறுத்துக்கொண்டே போவதும் இதனால்தான்.

அக்காலத் தொலைக்காட்சி, படத்தை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிடைவரியாக வரையும். நிரலாளர்கள் ஒவ்வொரு வரி வரையப்படும்போதும் பின்னணிப் படத்தின் அளவை மாற்றினார்கள். மேல் வரிகளில் படம் சிறுத்திருக்கும், அது தூரம். கீழ் வரிகளில் பெருத்திருக்கும், அது அருகாமை. தட்டையான வரைபடம் சாலையாகிவிட்டது. இந்தக் கணக்குகளை விரைவாகப் போடுவதற்காக, விளையாட்டின் கேட்ரிட்ஜுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற துணைச் சில்லு ஒன்றையும் வைத்தார்கள்.

இந்த உத்திக்கு வரம்புகளும் இருந்தன. படம் ஒரே தட்டையான தாள் என்பதால் மேடு பள்ளங்களைக் காட்ட முடியாது. அதனால்தான் முதல் மரியோ கார்ட்டின் தடங்கள் எல்லாம் சமதளமாக இருக்கின்றன. வண்டிகளை மோட் 7-ஆல் சுழற்ற முடியாது. எனவே, ஒவ்வொரு வண்டியையும் பல கோணங்களில் தனித்தனியாக வரைந்து வைத்தார்கள். திரையை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்ததால் ஒவ்வொருவருக்கும் பாதிதான் கிடைத்தது. நீண்ட நேரான சாலைகளில் அசுர வேகத்தில் பறக்கும் ஆட்டம் அந்தக் கருவியில் இருவருக்குச் சரிவரவில்லை. அதனால்தான் வளைவுகள் நிறைந்த சிறிய தடங்களும் சின்னஞ்சிறு வண்டிகளும் வந்தன. மரியோ கார்ட்டின் தனி அழகு என்று நாம் இன்று சொல்வது, கருவியின் வரம்புக்குள் விடை தேடியபோது பிறந்தது.

பின்தங்கியவருக்கு ஒரு கை

மரியோ கார்ட் ஆடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். முதலிடத்தில் ஓடும்போது பெட்டியைத் திறந்தால் நாணயமோ வாழைப்பழத்தோலோதான் வரும். கடைசியில் தவிக்கும்போது, தானாகவே சீறிப் பாயும் தோட்டாவோ, எல்லாரையும் சுருக்கிவிடும் மின்னலோ கிடைக்கும். இது உங்கள் அதிர்ஷ்டம் இல்லை. நீங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, எந்தப் பொருள் கிடைக்கும் என்ற நிகழ்தகவை விளையாட்டே மாற்றுகிறது.

இதற்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு: எதிர்மறைப் பின்னூட்டு. ‘எதிர்மறை’ என்றதும் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாற்றம் ஏற்பட்டால் அதற்கு எதிர்த்திசையில் தள்ளிச் சமநிலைக்குக் கொண்டுவருவது என்பதே பொருள். சாப்பிட்ட பின் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்தால் கணையம் இன்சுலினைச் சுரந்து குறைக்கிறது. அளவுக்குமேல் குறைந்தால் குளூக்ககானைச் சுரந்து ஏற்றுகிறது. அறை குளிர்ந்ததும் குளிர்சாதனப் பெட்டி ஓய்வதும், சூடானதும் மீண்டும் ஓடத் தொடங்குவதும் அதே தத்துவம். மரியோ கார்ட்டில் சமநிலைப்படுத்தப்படுவது போட்டியாளர்களுக்கு இடையிலான இடைவெளி.

இதற்கு நேர்மாறானது நேர்மறைப் பின்னூட்டு. மோனோபோலி ஆடியிருப்பீர்கள். நிலம் வைத்திருப்பவருக்கு வாடகை வரும். வாடகையில் இன்னும் நிலம் வாங்குவார். அதனால் இன்னும் வாடகை. அரை மணி நேரத்தில் யார் வெல்வார் என்பது தெரிந்துவிடும். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இரு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு பின்னூட்டின் திசைதான்.

இந்தச் சிந்தனை விளையாட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ பெல், 2021-இல் ஓர் ஆய்விதழில் மரியோ கார்ட்டையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதினார். பின்தங்கியவருக்கு அதிக உதவி என்ற விதியை, ஏழை விவசாயிகளுக்கான சுற்றுச்சூழல் உதவித் திட்டங்களில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய கேள்வி. விளையாட்டில் யார் கடைசி என்பது திரையிலேயே தெரியும். நிஜ உலகில் அதைக் கண்டறிவதே கடினம்.

ஒரு விவாதத்தையும் உங்களிடம் விடுகிறேன். 1996-இல் வந்த ‘மரியோ கார்ட் 64’ முதல் நீல நிற முள்ளோடு ஒன்று வருகிறது. அது முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப்போய்த் தாக்கும். நன்றாக ஓட்டியவரைத் தண்டிப்பது நியாயமா? பின்னூட்டு பலவீனமானால் பின்தங்கியவர் சலித்துப்போவார். மிக வலுவானால் திறமைக்கே மதிப்பில்லாமல் போகும். எந்த அளவு சரி? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்கள்.

டாக்டர் மரியோவின் பாதி உண்மை

1990-இல் மரியோ வெள்ளை அங்கி அணிந்து மருத்துவரானார். ‘டாக்டர் மரியோ’ ஆட்டத்தில் ஒரு குப்பிக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிற வைரஸ்கள் இருக்கும். இரு நிறங்கள் கொண்ட மாத்திரைகள் மேலிருந்து விழும். ஒரே நிறம் நான்கு வரிசையாகச் சேர்ந்தால் மறைந்துவிடும்.

இதன் தயாரிப்பாளர் குன்பெய் யொகோய், 1989-இல் வந்த கேம் பாய் கருவியை உருவாக்கியவர். அவருடைய கொள்கை புகழ்பெற்றது: நன்கு பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் யோசிக்காத திசையில் பயன்படுத்து. கேம் பாயில் வண்ணத்திரை இல்லை. ஆனால், அது மலிவாக இருந்தது, நான்கு சிறு பேட்டரியில் நெடுநேரம் ஓடியது. பழகிய ஒன்றைப் புதிய திசையில் திருப்புவது என்ற இந்தக் கொள்கை கிளை விளையாட்டுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனி அறிவியலுக்கு வருவோம். டாக்டர் மரியோவில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நீல வைரஸுக்கு நீல மாத்திரைதான், சிவப்பு பயன்படாது. நிஜத்திலும் மருந்துகள் குறிப்பிட்ட இலக்கைத்தான் தாக்குகின்றன. பெனிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. வைரஸுக்குச் செல் சுவரே கிடையாது. அது மரபுப்பொருளைப் புரத உறைக்குள் சுமந்துவந்து, நம் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. ஆகவே, சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவது, சிவப்பு வைரஸின்மேல் நீல மாத்திரையை அடுக்குவதற்குச் சமம். பயன் இல்லை என்பது மட்டுமன்று. உடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறவும் அது வழிவிடும். சில வைரஸ்களுக்கெனத் தனி மருந்துகள் உண்டு. பலவற்றுக்குத் தடுப்பூசி உண்டு.

ஆட்டம் மறைக்கும் இன்னொரு உண்மை: அந்த முதல் டாக்டர் மரியோவில் வைரஸ்கள் பெருகுவதில்லை, நீங்கள் யோசிக்கும்வரை காத்திருக்கின்றன. நிஜ வைரஸ் காத்திருக்காது.

கிளையிலிருந்து அடிமரத்துக்கு

கிளைகள் அடிமரத்துக்கு எதையாவது திருப்பித் தருகின்றனவா? தருகின்றன. இளவரசி டெய்சி 1989-இல் கேம் பாயில் வந்த ‘சூப்பர் மரியோ லேண்ட்’ ஆட்டத்தில் அறிமுகமானார். அதன் பிறகு நெடுங்காலம் கோல்ஃப், டென்னிஸ், கார்ட் எனக் கிளைகளில்தான் அவர் உயிர் வாழ்ந்தார். 2023-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஒண்டர்’ வந்தபோது, மரியோவுக்கு இணையாக ஆடக்கூடிய பாத்திரமாகத் திரும்பினார். வாலூய்ஜியின் கதை வேறு. 2000-இல் ‘மரியோ டென்னிஸ்’ ஆட்டத்தில் இரட்டையர் பிரிவுக்கு வாரியோவுக்கு ஒரு ஜோடி தேவைப்பட்டதால் உருவாக்கப்பட்டவர் அவர். கிளைகளில் மட்டுமே வாழ்ந்து பெரும் இரசிகர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்.

1992-இல் ‘மரியோ பெயிண்ட்’ என்ற வரையும் மென்பொருள் ஒரு சுட்டியோடு வந்தது. வீட்டில் கணினி இல்லாத பல பிள்ளைகள் சுட்டியைப் பிடித்து வரைந்தது அதில்தான். அதன் சாயலை 2015-இல் வந்த ‘சூப்பர் மரியோ மேக்கர்’ ஆட்டத்தில் காணலாம். அதில் ஆடுபவர்களே கட்டங்களை வடிவமைத்து உலகுக்கு வெளியிட முடிந்தது. ஒரு நிபந்தனை இருந்தது: தாங்கள் உருவாக்கிய கட்டத்தை முதலில் தாங்களே ஆடி முடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அறிவியலாளர்களிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறோம். ‘முடியும்’ என்று சொன்னால் போதாது. செய்து காட்ட வேண்டும்.

விளையாட்டுக்கு வெளியேயும் இத்தகைய விழுதுகள் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளி ஆய்விலிருந்து பிறந்த அன்றாடப் பயன்பாடுகளைத் தொகுத்து 1976 முதல் ‘ஸ்பின்ஆஃப்’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் வெளியிட்டுவருகிறது. விண்கலங்களுக்குச் சிறிய கேமராக்கள் தேவை என்பதால் 1990-களில் எரிக் ஃபாஸம் குழுவினர் உருவாக்கிய சீமாஸ் படிம உணரி, இன்று உங்கள் கைப்பேசிக் கேமராவுக்கு அடிப்படை.

பட்டுப்போன கிளைகளும் உறிஞ்சும் கிளைகளும்

எல்லா விழுதும் வேர்விடுவதில்லை. கைப்பேசிக்காக 2019-இல் வந்த ‘டாக்டர் மரியோ வேர்ல்ட்’ 2021 நவம்பரில் மூடப்பட்டது. அதனால் மரியோ தொடர் சாய்ந்துவிட்டதா? இல்லை. கிளையில் நடந்த தோல்வி கிளையோடு நின்றது. கிளை விளையாட்டின் மிகப் பெரிய பயன் இதுவே என்பேன்.

சில சோதனைகள் உடலையே நோகடித்ததும் உண்டு. 1998-இல் வெளிவந்த ‘மரியோ பார்ட்டி’யில், கட்டுப்பாட்டுக் குச்சியை முடிந்த அளவு வேகமாகச் சுழற்ற வேண்டிய சிற்றாட்டங்கள் இருந்தன. பிள்ளைகள் உள்ளங்கையால் அழுத்திச் சுழற்றினார்கள். தோலின் மேலடுக்கு ஒருபுறமும் உள்ளடுக்கு மறுபுறமும் திரும்பத் திரும்ப இழுபட்டால், இரண்டும் பிரிந்து நடுவில் திரவம் சேரும். உராய்வுக் கொப்புளம் அப்படித்தான் உண்டாகிறது. புகார்கள் எழவே, 2000-இல் நியூயார்க் மாநில அதிகாரிகளுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நிண்டெண்டோ கையுறைகள் வழங்க ஒப்புக்கொண்டது.

மாணவர்களே, நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய கிளை இனிமேல்தான் வருகிறது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கிளை விளையாட்டுகள் பல, சீட்டுக் குலுக்கல் முறையில் பொருள்களை விற்கின்றன. 2019-இல் வந்த ‘மரியோ கார்ட் டூர்’ ஆட்டத்திலும் ஒரு குழாயைச் சுட்டால் எந்த ஓட்டுநர், எந்த வண்டி வரும் என்று தெரியாத முறை இருந்தது. 2022-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால், வேறு பல விளையாட்டுகளில் இம்முறை தொடர்கிறது.

இங்கே உங்கள் கணிதம் கைகொடுக்கும். ஓர் அரிய பாத்திரம் கிடைக்க 1 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 முறை முயன்றால் கட்டாயம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. நூறு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 0.37. அதாவது, 100 பேர் ஆளுக்கு 100 முறை பணம் கட்டினால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஒரு முறைக்கு 5 ரிங்கிட் என்றால் ஒருவருக்கு 500 ரிங்கிட். அது யாருடைய பணம்? அம்மா அப்பாவின் உழைப்பு.

தெரிந்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை? பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதை ஆராய்ந்தார். எத்தனை முறை அழுத்தினால் இரை வரும் என்று கணிக்க முடியாதபோதுதான், விலங்குகள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. ‘அடுத்த முறை வந்துவிடும்’ என்று உங்கள் விரல் துடிக்கும்போது ஸ்கின்னரின் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளை விளையாட்டு புதியதொன்றைச் சோதிக்க முளைத்ததா, உங்கள் பணப்பையை உறிஞ்ச முளைத்ததா என்று பிரித்தறிவது இக்காலத்தில் உங்களுக்குத் தேவையான திறன். பணம் கட்டாமல் ஆடினால் ஆட்டம் இன்பமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடை கிடைத்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு பகடை, நான்கு பேர், தாள், பேனா.

முதல் ஆட்டம்: ஒவ்வொருவரும் முறைவைத்துப் பகடையை உருட்டி எண்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 10 சுற்றுகள். இறுதியில் முதலாமவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் உள்ள புள்ளி இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆட்டம்: மரியோ கார்ட் விதி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கடைசியில் இருப்பவர் கூடுதலாக ஒரு முறை உருட்டலாம்.

மூன்றாம் ஆட்டம்: மோனோபோலி விதி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முதலிடத்தில் இருப்பவர் கூடுதலாக ஒரு முறை உருட்டலாம்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் குறைந்தது ஐந்து முறை செய்து, இடைவெளிகளின் சராசரியைக் கண்டுபிடியுங்கள். தொடங்குவதற்கு முன் உங்கள் கருதுகோளைத் தாளில் எழுதி வையுங்கள். இங்கே தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்றும் குறியுங்கள். சராசரிகளைப் பட்டைக் குறிவரைவாக வரைந்தால் பின்னூட்டின் திசை கண்ணுக்கே தெரியும்.

அதன் பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பல்லாங்குழி, தாயம், கேரம், பாம்பும் ஏணியும், எதுவாயினும் சரி. அதில் ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். தம்பி தங்கையோடு ஆடிப் பாருங்கள். சலித்தால் அந்த விதியைத் தூக்கிப்போட்டு வேறொன்றை மாற்றுங்கள். பழைய ஆட்டம் எங்கும் போய்விடாது. எந்த விதியை மாற்றினீர்கள், ஆட்டம் எப்படி மாறியது என்று எழுதிவைத்து, அடுத்த அறிவியல் பாடத்தின்போது உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.